கீழ்வரம்பு

ஐந்து வரி கேட்கிறார்கள்.
கல்விப் பின்னணி, ஆய்வு ஆர்வங்கள்,
கூடவே ஒரு புகைப்படம், பின்புலம் வெள்ளையாக.
டிசம்பர் மாநாட்டுக் கையேட்டில் அச்சாகுமாம்.

வி. எம். ஜபீன். மேல்விஷாரம்.
இளங்கலை கணிதம், வேலூர்.
முதலில் கிடைத்தது விலங்கியல்தான்;
மூன்று நாள் தவளையோடு இருந்துவிட்டு
கணிதத்தில் ஒருத்தி கல்யாணமாகிப் போன இடத்துக்கு
மாறிக்கொண்டேன்.
இது ஐந்து வரிக்குள் வராது.
முனைவர் பட்டம் சென்னையில், ஆறரை ஆண்டு.
அதில் நான்கு ஆண்டு
ஒரே ஒரு தப்பான லெம்மா.

ஆய்வு ஆர்வம்: தகவல் பரிமாற்றச் சிக்கல்தன்மை.
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டய்யா
'என்னம்மா வேலை' என்று கேட்டபோது சொன்னேன்:
உங்கள் கையில் ஒரு பட்டியல்,
ஆற்காடு ஸ்டேஷனில் ஒரு பட்டியல்.
இரண்டிலும் இருக்கிற பேர் ஒன்றாவது உண்டா?
போனில் எவ்வளவு குறைவாய்ப் பேசிக் கண்டுபிடிக்கலாம்?
அவர் தொப்பியைக் கழற்றி யோசித்தார்.
'முழுசா படிச்சிக் காட்டணும்மா, வேற வழியில்ல.'
அதேதான் ஐயா.
அந்த 'வேற வழியில்ல'யை நிரூபிக்க
எங்கள் ஆட்களுக்குப் பல வருஷம் பிடித்தது.
டீக்குக் காசு வாங்காமல் போனார்.

இந்த ஊரே இல்லைகளால் பேர் வாங்கியது.
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில் என்று
பஸ்ஸில் யாராவது ஆரம்பிப்பார்கள்.
நாலாவது இல்லைக்கு வரும்போது
என்னைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்கள்.
சாமி எண்பத்தொன்றில் திரும்பி வந்துவிட்டார்.
ஆறும் ஒரு நவம்பரில்
பாலங்களை உலுக்கிக்கொண்டு வந்தது.
காணோம் என்பது வேறு, இல்லை என்பது வேறு.
எங்கள் இல்லை
இன்னும் பிறக்காத கெட்டிக்காரிக்கும் சேர்த்துச் சொல்வது:
நீ எப்படிச் சுற்றி வந்தாலும், தாயே,
இதைவிடக் குறைவில் முடியாது.

அனிந்த்ய மைத்ராவை ஏழு வருஷம்
மின்னஞ்சலில் மட்டும் தெரியும்.
போன மே மாதம், அக்னி நட்சத்திரத்தில்,
காட்பாடியில் வந்து இறங்கினார்.
மனைவிக்குக் கழுத்தில் கட்டி.
லாட்ஜ் இருந்த சந்தில் பலகையெல்லாம் வங்காளத்தில்.
என் சொந்த ஊரில் நான் வழி தெரியாமல் நிற்க
அவர் படித்துச் சொன்னார்.

சுதேஷ்ணா வாடகை அடுப்பில்
இலவம்பாடி முள்ளுக்கத்தரியை வட்ட வட்டமாகப் பொரித்தாள்.
முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே கேட்டாள்:
'முடியாது என்று நிரூபித்தால் யாருக்கு என்ன லாபம்?'
இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்,
வேறு வேறு பதில்.

டோக்கன் இருநூற்றுப் பதினான்கு.
காத்திருந்த பெஞ்சில், ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம்
மூன்றாம் லெம்மாவை எழுதிக்கொண்டே வந்தவர்
நிறுத்தினார்.
'இருவரும் சுண்டுகிற நாணயம்
தனித்தனி என்று வைத்துக்கொண்டோமே.'
வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.
வைத்துக்கொண்டுதான் இருந்தோம்.
பதினோராம் பக்கம், நான் எழுதிய வரி.
ஒரே நாணயத்தை இருவரும் பார்த்தால்?
விடையில் ஒரு லாக் கழன்று விழுந்தது.
அதற்குள் நர்ஸ் சீட்டைக் கேட்டாள்.
லெம்மாவும் ரத்தத்தோடு உள்ளே போயிற்று.

நான்கு நாள் கழித்து, மாலை,
மாடிப்படி உச்சியிலிருந்து
அவர் எனக்குக் கையை ஒருமுறை ஆட்டினார்.
ஒரு பிட்.
கீழே நின்றவளுக்குப் புரியவில்லை.
எந்த அசைவுக்கு எது பொருளென்று
நாங்கள் முன்கூட்டிப் பேசிவைக்கவே இல்லை.
இருபது வருஷமாய் இதைத்தான் பாடம் எடுக்கிறேன்.
அவர் முப்பத்தெட்டுப் படி இறங்கி வந்து
சுற்றி வளைத்து, இருமுறை தொண்டை அடைத்து, சொன்னார்.
ஒரு ஆபரேஷன். பிறகு ஆயுள் முழுக்க மாத்திரை.
ஆயுள் என்ற சொல்லை மட்டும்
இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

ஐந்து வரி அனுப்பிவிட்டேன்.
கூட்டாய்வு: கொல்கத்தா.
தேற்றம்: திருத்தப்பட்டது, ஒரு லாக் குறைவாக.
புகைப்படம்தான் பாக்கி.
கோட்டைக்கு எதிர் ஸ்டுடியோவில் இப்போதைக்கு
நீலத் திரைதானாம்.
வெள்ளை துவைக்கப் போட்டிருக்கிறது,
சாயங்காலம் வாங்க என்றார்கள்.